ஆல்பிரட் வெர்னர்

ஆல்பிரட் வெர்னர் (டிசம்பர் 12, 1866 – நவம்பர் 15, 1919) சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலாளர் ஆவார். உலோக அயனியைச் சுற்றிப் பிற மூலக்கூறுகளும் அயனிகளும் பிணைந்து அமையும் முறையை விளக்கிய இவருக்கு, 1913 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வாழ்க்கை

இவர் அன்று பிரான்சின் பகுதியாக இருந்த அல்சாசில், முலூசு நகரில் பிறந்தார். 1871 இல் அப்பகுதி செருமனியுடன் இணைக்கப்பட்டது. சூரிக்கில் பயின்று, நைதரசன் சேர்மங்களின் முப்பரிமாண அமைப்பை ஆராய்ந்து 1890 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1895 இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அணைவுச் சேர்மக் கொள்கை

கோபால்ட்டுக் குளோரைடு அம்மோனியாவுடன் சேர்ந்து மஞ்சள், ஊதா, பச்சை எனப் பல நிறச் சேர்மங்களைத் தருகிறது. ஆறு அம்மோனியா உள்ள சேர்மத்தில் வெள்ளி நைத்திரேட்டைச் சேர்த்தால் மூன்று குளோரைடுகளும் வீழ்படிவாகின்றன. ஐந்து அம்மோனியா இருப்பின் இரண்டும், நான்கு இருப்பின் ஒன்றும் மட்டுமே வீழ்கின்றன. அம்மோனியா மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்திருப்பதாக டென்மார்க்கின் யோர்கன்சன் கருதினார். வெர்னரோ, உலோகத்துடன் ஆறு தொகுதிகள் நேரடியாகப் பிணைந்து எண்முகியின் ஆறு முனைகளில் அமைகின்றன என்றார். அவ்வாறு பிணைந்த குளோரைடு எளிதில் வீழ்படிவாகாது. ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்த வெர்னர், மாலை ஐந்து மணிக்குள் இதனை எழுதி முடித்தார் என்பர். 1893 இல் இக்கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 26. இதற்கு அடிப்படையான சோதனைகளுள் பெரும்பாலானவை, அவர் மறுத்த யோர்கன்சனே செய்தவை.

எண்முகி அமைப்பு சரியெனில், நான்கு அம்மோனியா கொண்ட பச்சை நிறச் சேர்மத்துக்கு மற்றொரு மாற்றியம் இருத்தல் வேண்டும். அது கிடைக்காமையே யோர்கன்சன் தரப்பின் வலுவான வாதமாயிற்று. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1907 இல், ஊதா நிறமுடைய அம்மாற்றியத்தை வெர்னர் தயாரித்தார். யோர்கன்சன் தம் கொள்கையைக் கைவிட்டார்.

1911 இல் வெர்னரின் ஆய்வகத்தில் மாணவர் விக்டர் கிங், கோபால்ட்டு அணைவுச் சேர்மம் ஒன்றை ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களாகப் பிரித்தார். அவை ஒளியின் தளத்தை எதிரெதிர்த் திசைகளில் திருப்பின. இப்பண்பு அதிலுள்ள கரிம மூலக்கூறுகளால் வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. கார்பனே இல்லாத சேர்மத்தையும் அவ்வாறு பிரித்து, 1914 இல் வெர்னர் அந்த ஐயத்தைப் போக்கினார்.

இறுதிக் காலம்

தமனித் தடிப்பு நோயால் நலிவுற்ற வெர்னர், 1919 இல் சூரிக்கில் தமது 52 ஆம் வயதில் காலமானார். குருதியின் ஈமோகுளோபினில் உள்ள இரும்பு அயனியும் ஆறு பிணைப்புகள் கொள்ளக்கூடியது என்பது பின்னர் அறியப்பட்டது: நான்கு ஈம் வளையத்தின் நைதரசன்களுடனும், ஒன்று புரதத்தின் இசுட்டிடினுடனும் அமைகின்றன, ஆறாம் இடத்திலேயே ஆக்சிசன் வந்து பிணைகிறது.