பசுமையைப் பகுத்தறிந்தவர்

நுழையும்முன்

ஏரி, குளம், ஊருணி என நீர்நிலைகளைச் சார்ந்தே தமிழகத்து ஊர்கள் தழைத்தன. அந்நீரில் படரும் பாசியை வழுக்கும் பொருளாகவும் அழுக்காகவும் மட்டுமே மக்கள் கண்டனர். அதே பாசியை உருப்பெருக்கியின் அடியில் வைத்து, அதனுள் நூற்றுக்கணக்கான உயிரினங்களைப் பிரித்தறிந்தவர் ஒருவர். 'இந்தியப் பாசியியலின் தந்தை' எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்காரின் வாழ்வையும், நீர்வாழ் உயிர்களின் உணவை அறிய அவருடைய பணி துணைநிற்கும் வகையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் 1886ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் சென்னையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1909இல் முதுகலைப் பட்டம் பெற்றார். சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் பின்னர் ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றியபின், 1920இல் தாம் பயின்ற மாநிலக் கல்லூரிக்கே தாவரவியல் கற்பிக்கச் சென்றார்.

அக்காலத்து இந்தியத் தாவரவியல் பூக்கும் தாவரங்களிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தியது. ஹூக்கர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவர நூலும் அவற்றையே விரித்துரைத்தது. கண்ணுக்குப் புலனாகாத பாசிகளுக்கு உரிய இடம் அமையவில்லை. அவ்விடத்தை நிரப்பும் பணியை ஐயங்கார் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். குளத்து நீரோடு அவர் நின்றுவிடவில்லை. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றிய அவருடைய கட்டுரையைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது.

இலண்டனில் ஆய்வு

ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் கழிந்து, நாற்பது வயதைக் கடந்தபின், ஐயங்கார் மீண்டும் மாணவரானார். 1930இல் இலண்டன் சென்று, குயின் மேரி கல்லூரியில் பேராசிரியர் எஃப்.இ. ஃபிரிட்ச் என்பாரிடம் ஆய்வு மேற்கொண்டு முனைவர் பட்டம் பெற்றார். ஃபிரிட்ச் பாசியியலில் உலகப் புகழ் பெற்றவர்.

நீர் வற்றும் குளங்களின் ஈரச் சேற்றில் வளரும் ஒரு பாசியை ஐயங்கார் 1932இல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அதன் ஒரு பகுதி கிழங்கு போன்று மண்ணுள் தங்குகிறது. மற்றொரு பகுதி மேல்நோக்கிக் கிளைக்கிறது. அதற்குத் தம் ஆசிரியரின் பெயரால் ஃபிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார். நீரில் தோன்றிய தாவரங்கள் நிலத்திற்கு வந்த வழியை ஆராய்ந்தோர் ஒரு காலத்தில் இப்பாசியைச் சான்றாகக் கொண்டனர்.

ஒரே பசுமை, வெவ்வேறு உயிர்கள்

தென்னிந்தியாவின் வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றிய ஐயங்காரின் ஆய்வு 1933இல் வெளிவந்தது. இவ்வகையில் கோனியம் 4 முதல் 16 வரையிலான செல்களால் ஆன சிறு தட்டு. பாண்டோரினா பெரும்பாலும் 16 செல்கள் நெருங்கிய பந்து. வால்வாக்ஸோ சில நூறு முதல் பல்லாயிரம் செல்கள் வரை கொண்டு வெறுங்கண்ணுக்கே புள்ளியாய்த் தோன்றும் கோளம். ஒரே குளத்தில், ஒரே பச்சை நிறத்தில், இவை அனைத்தும் கலந்து வாழக்கூடும்.

இவ்வேறுபாட்டின் பயன், அப்பாசிகளை உண்ணும் உயிர்களை நோக்கும்போது புலப்படும். நீர்த்தெள்ளு முதலான விலங்கு மிதவை உயிரிகள் தம் கால்களிலுள்ள நுண்மயிர்களால் நீரை வடிகட்டிப் பாசிகளை உண்கின்றன. சிறிய பாசி எளிதில் வாய்க்குள் செல்லும். பெரிய வால்வாக்ஸ் கோளம் செல்லாது. நீண்ட இழைகளாய் வளரும் நீலப்பசும்பாசிகள் வடிகட்டியையே அடைத்துவிடும். அவற்றுள் சில நஞ்சும் உடையவை.

அளவு மட்டுமன்றித் தரமும் உண்டு. டயாட்டம் பாசிகளில் நீர்த்தெள்ளின் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்திற்கும் வேண்டிய கொழுப்பு அமிலங்கள் மிகுதி. நீலப்பசும்பாசிகளில் அவை மிகக் குறைவு. ஸ்டீரால் என்னும் இன்றியமையாப் பொருளும் அவற்றில் இல்லை என்றே கூறலாம். மேலும், மிகுந்த ஒளியில் ஊட்டம் குன்றி வளரும் பாசியில் கரிமம் பெருகிப் பாஸ்பரஸ் அருகிவிடும். ஒரு பாஸ்பரஸ் அணுவிற்குச் சுமார் 300 கரிம அணுக்களுக்கு மேற்பட்டால், வயிறு நிறைந்த நிலையிலும் நீர்த்தெள்ளின் வளர்ச்சி தளர்கிறது. விரைந்து வளரும் உடல் புரதத்தை ஆக்கும் கருவிகளை மிகுதியாகக் கொண்டது. அக்கருவிகளை அமைக்கப் பாஸ்பரஸ் தேவை.

நீர்த்தெள்ளு குன்றினால் அதனை உண்ணும் மீன்குஞ்சுகள் குன்றும். மிதவை உயிரிகளை விரும்பியுண்ணும் கட்லா மீனும் மெலியும். முடிவில் வலையை நம்பி வாழ்வோரின் அடுப்பும் தணியும். கழிவுநீர் கலந்து அடர்பச்சையாய்த் தோன்றும் ஏரி, செழிப்பின் தோற்றத்துள் பசியை மறைத்து வைத்திருக்கக்கூடும்.

ஐயங்கார் நீர்த்தெள்ளுகளின் உணவை ஆராய்ந்தவர் அல்லர். உணவின் தரம் பற்றிய இவ்வுண்மைகளுட் பல அவர் மறைவிற்குப் பின்னரே தெளிவாயின. எனினும் எது எந்தப் பாசி என்று அறியாத இடத்தில், எது நல்லுணவு என்ற வினாவையே எழுப்ப இயலாது. அவ்வினாவிற்கான அடித்தளத்தைத் தென்னாட்டுக் குளங்களில் அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஐயங்கார்.

மாணவர் வழி மலர்ந்த மரபு

தாயகம் திரும்பிய ஐயங்கார், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று ஒரு மாணவர் பரம்பரையை உருவாக்கினார். அவர்களுள் ஒருவரான டி.வி. தேசிகாசாரி, நீலப்பசும்பாசிகளைப் பற்றிய பெருநூலை 1959இல் வெளியிட்டார். இந்தியப் பாசியியல் கழகத்தின் முதல் தலைவராகவும் விளங்கிய ஐயங்கார், 1963ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் மறைந்தார். ஆசிரியரும் மாணவரும் இணைந்து படைத்த வால்வாக்ஸ் வகைப் பாசிகள் பற்றிய நூல், அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் 1981இல் வெளிவந்தது. முடிவுறாத பணியை மாணவர் முடித்துவைத்த அந்நூல், அறிவு கைமாறி வளரும் என்பதற்குச் சான்று.

நம் ஊர் நீரில்

செஞ்சிப் பகுதியில் தளவானூர்ப் பாறையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. அதன் கல்வெட்டு, எழுத்தறிந்தவர்க்கே பொருள் தரும். செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்துச் செட்டிக்குளமும் சக்கரக்குளமும், நம் ஊர்தோறும் உள்ள ஏரிகளும் அத்தகையனவே. அந்நீரின் பசுமையைப் படிக்கவும் ஓர் எழுத்தறிவு வேண்டும். ஒரு துளி நீரையும் ஓர் உருப்பெருக்கியையும் கொண்டு அவ்வறிவை நமக்குக் கற்பித்தவர் எம்.ஓ.பி. ஐயங்கார். நீர்நிலையைக் காக்க விழைவோர், முதலில் அதனுள் வாழ்வோரின் பெயரை அறிதல் வேண்டும் என்பதே அவர்தம் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.