காஞ்சியில் இராமாநுசர்

பட்டு நெசவாலும் திருக்கோயில்களாலும் புகழ் பெற்ற நகரம் காஞ்சிபுரம். அதன் ஒரு பகுதியாகிய சின்னக் காஞ்சியில், அத்திகிரி என்னும் இடத்தில், வரதராசப் பெருமாள் கோயில் கொண்டு விளங்குகின்றார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இக்கோயிலுக்கு நாள்தோறும் ஒரு குடம் நீர் சுமந்து வந்தார் ஓர் இளைஞர். அவருடைய கைகள் தொண்டில் ஈடுபட்டிருந்தன. உள்ளமோ அமைதியின்றித் தவித்தது. அவரே பிற்காலத்தில் உடையவர் என்றும் எதிராசர் என்றும் வைணவ உலகம் போற்றிய இராமாநுசர் ஆவார்.

இராமாநுசர் 1017ஆம் ஆண்டில், திருப்பெரும்பூதூரில், கேசவ சோமயாசியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் என்பது மரபு. தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி அவருக்கு இளையாழ்வார் என்று பெயரிட்டார். உரிய பருவத்தில் தஞ்சம்மாள் என்னும் பெண்ணை மணந்தார். சிறிது காலத்தில் தந்தையார் மறைந்தார். பின்னர் இளையாழ்வார் குடும்பத்தோடு காஞ்சிக்கு வந்து, அதனை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசர் என்னும் பேரறிஞரிடம் வேதாந்தம் பயின்றார்.

அங்கேதான் அவருடைய உள்ளப் போராட்டம் தொடங்கியது. உபநிடதத்தில் இறைவனுடைய கண்களுக்கு உவமை கூறும் தொடர் ஒன்று உண்டு. அதற்கு ஆசிரியர் கூறிய பொருள் இறைவனுக்கு இழுக்காகும் எனக் கருதினார் மாணவர். அப்போது அவர் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரை அறியாமலே பெருகிய கண்ணீர் ஆசிரியர்மேல் வீழ்ந்தது. ஆசிரியரை மறுத்தல் பிழையன்றோ என்னும் அச்சம் ஒரு புறம். உண்மையை மறைத்தல் அதனினும் பெரும் பிழையன்றோ என்னும் எண்ணம் மறு புறம். இறுதியில், கதிரவனால் மலர்ந்த தாமரை போன்ற கண்கள் என்று, பணிவு குன்றாமல் தாம் கண்ட பொருளை எடுத்துரைத்தார்.

இவ்வாறு கருத்து வேறுபாடு வளர, யாதவப் பிரகாசரின் உள்ளத்தில் பகை மூண்டது. காசிப் பயணத்தின்போது மாணவரை ஒழித்துவிட அவர் எண்ணினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. சிற்றன்னையின் மகனாகிய கோவிந்தர் இதனை அறிந்து எச்சரிக்கவே, இளையாழ்வார் விந்தியக் காட்டில் தனித்துப் பிரிந்தார். வழி அறியாது திகைத்த அவரை ஒரு வேடனும் அவன் மனைவியும் காஞ்சியின் அருகே கொண்டுவந்து சேர்த்தனர். அவ்விருவரும் பெருமாளும் தாயாருமே என உணர்ந்து அவர் உருகினார். அவ்விடத்தில் இருந்த சாலைக் கிணற்றிலிருந்தே அவர் நாள்தோறும் கோயிலுக்கு நீர் சுமந்தார்.

நீர் சுமக்கும் அத்தொண்டினை அவருக்குக் காட்டியவர் திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்த நம்பி, பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் பணி செய்தவர். பெருமாள் தம்மோடு பேசும் பேறு பெற்றவர் எனப் போற்றப்பட்டவர்.

திருவரங்கத்தில் வைணவத் தலைவராய் விளங்கிய ஆளவந்தார், தமக்குப் பின் இளையாழ்வாரே அப்பொறுப்பை ஏற்கவல்லவர் எனக் கருதி, அவரை அழைத்து வருமாறு பெரிய நம்பியை அனுப்பினார். இளையாழ்வார் ஆவலோடு விரைந்தார். ஆனால் அவர் காவிரிக் கரையை அடைந்தபோது ஆளவந்தார் உயிர் நீத்திருந்தார். அரங்கநாதரையும் வணங்க மனமின்றி, ஆறாத் துயரோடு காஞ்சிக்குத் திரும்பினார். இறைவன் அழைத்த வழியே சென்றும் ஏமாற்றமே எய்தியது ஏன் என்னும் வினா அவரை வாட்டியது. ஆயினும் தோளில் சுமந்த குடத்தை அவர் இறக்கி வைக்கவில்லை. மறுநாளும் நீர் சுமந்தார்.

இந்நிலையில் திருக்கச்சி நம்பியையே ஆசிரியராகக் கொள்ள விரும்பினார். குல வேறுபாட்டைக் காட்டி நம்பி அதற்கு இசையவில்லை. அவர் உண்டு எஞ்சிய உணவையேனும் உண்போம் என எண்ணி, இளையாழ்வார் அவரை விருந்துக்கு அழைத்தார். ஆனால் அவர் வீட்டில் இல்லாத வேளையில் நம்பி வந்து உண்டு சென்றார். தஞ்சம்மாள் அக்கால வழக்கப்படி எஞ்சியதை அகற்றி, இடத்தைத் தூய்மை செய்து, நீராடினார். திரும்பி வந்த கணவரின் நெஞ்சம் புண்பட்டது.

ஐயங்கள் பெருகிய நிலையில், அவற்றைப் பெருமாளிடம் விண்ணப்பிக்குமாறு நம்பியை வேண்டினார். ஐயங்கள் யாவை என்று விளக்கிக் கூறவும் இல்லை. பெருமாள் நம்பி வாயிலாக ஆறு விடைகளை அருளினார் என்பர். தாமே பரம்பொருள், உயிர்களும் இறைவனும் வேறு, சரண் புகுதலே வழி, சரண் புகுந்தவர் உயிர் பிரியும் வேளையில் இறைவனை நினைக்க இயலாது போயினும் குற்றமில்லை, உடல் நீங்கியபின் வீடுபேறு உண்டு, பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள்ள வேண்டும் என்பனவே அவை.

விடை கிடைத்ததும் இளையாழ்வார் காலம் தாழ்த்தவில்லை. திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். பெரிய நம்பியும் அவரைத் தேடியே வந்துகொண்டிருந்தார். மதுராந்தகத்தில், ஏரிகாத்த இராமர் கோயிலின் மகிழ மரத்தடியில், இருவரும் சந்தித்தனர். ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் அங்கே அடைந்தனர்.

பெரிய நம்பி குடும்பத்தோடு காஞ்சியில் தங்கி, ஆழ்வார்களின் அருளிச்செயல்களைக் கற்பித்தார். சில மாதங்களில் கிணற்றடியில் இரு குடும்பத்துப் பெண்களிடையே பூசல் எழுந்தது. பெரிய நம்பி எவரிடமும் கூறாது ஊரை விட்டு அகன்றார். இதனை அறிந்த இளையாழ்வார் மனையாளைப் பிறந்தகம் அனுப்பிவிட்டு, வரதராசர் திருமுன் துறவு பூண்டார். பழைய நூல்கள் தஞ்சம்மாளைக் குறை கூறும். ஆயினும் அவர் தமக்குக் கற்பிக்கப்பட்ட வழக்கத்தையே கைக்கொண்டார்; அத்துறவின் துயரத்தில் அவருக்கும் பங்குண்டு என்பதை மறத்தல் ஆகாது.

பின்னர் இராமாநுசர் திருவரங்கம் சேர்ந்து வைணவத்தின் தலைமையை ஏற்றார். பகைத்த யாதவப் பிரகாசரும் அவருக்கு மாணவரானார். பிரம்ம சூத்திரத்திற்குச் சிறீபாடியம் என்னும் பேருரையை அவர் இயற்றினார். திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து சென்று பெற்ற திருமந்திரப் பொருளை, வேறுபாடு கருதாது, விரும்பிய அனைவருக்கும் வழங்கினார் என்பர். குல வேறுபாட்டால் காஞ்சியில் தாம் எய்திய வருத்தம், பிறருக்கு அருளாய்ப் பயன் தந்தது. 1137ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் அவர் மறைந்தார் என்று மரபு கூறும்.

இறைவனை நம்புவோர்க்கு உள்ளப் போராட்டமே எழாது என்பதில்லை. கலக்கம் நம்பிக்கையின் குறைவும் ஆகாது. ஐயத்தை மறைக்காமல் சான்றோரிடம் பணிந்து கேட்டலும், விடை வரும் வரை அன்றாடக் கடமையைக் கைவிடாமையும், விடை வந்தபின் தயங்காது அதன் வழி நடத்தலுமே அறிவுடையோர் செயலாம். இராமாநுசர் காஞ்சியில் சுமந்த ஒரு குடம் நீர் உணர்த்தும் பாடம் இதுவே.