ஹலாலா என்று கேட்கப் போன சிறுவன்: பறவையியலாளர் சலீம் அலி

கார்த்திகை, மார்கழி பிறந்துவிட்டால் படப்பை, மணிமங்கலம் ஏரிக்கரைகளில் காமிராவோடு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கிறோம். படம் எடுப்பது இன்று எளிது. எடுத்த படத்தில் இருப்பது என்ன பறவை என்று சொல்வதுதான் கஷ்டம். குளிர்காலத்தில் வந்து இறங்கும் உள்ளான்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அலகின் நீளம், காலின் நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். இந்தக் கலையை இந்தியாவில் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டு வந்தவர் நம் சமுதாயத்தில் பிறந்த ஒருவர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று மும்பையில், சுலைமானி போரா குடும்பமொன்றில் பத்தாவது, கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தை வஃபாத்தானார், மூன்று வயதில் தாயும் போய்விட்டார். யதீமாக நின்ற பிள்ளையைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், குழந்தைப்பேறு இல்லாத மாமி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பத்து வயது வாக்கில் அதைக் கொண்டு ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான் சிறுவன். அறுக்கப் போகும் நேரத்தில் அதன் தொண்டையில் குழம்புக் கறை போல ஒரு மஞ்சள் திட்டு தெரிந்தது. வழக்கமான ஊர்க்குருவிக்கு இப்படி இருக்காதே! இதைச் சாப்பிடலாமா, ஹலாலா ஹராமா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் ஓடினான். மாமாவுக்கும் அந்தக் குருவி புதிது. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர் என்பதால், கழகச் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். தூக்கி எறியச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் தந்தார்.

இளமையில் பர்மாவுக்குப் போய்க் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்த்தார். அதில் மனம் ஒட்டவில்லை. 1918-ல் தெஹ்மினா பேகத்தை நிக்காஹ் செய்தார். 1926-ல் மும்பை அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து விடுப்பெடுத்து பெர்லின் சென்று, எர்வின் ஸ்ட்ரெசமன் என்ற பேரறிஞரிடம் பறவையியல் கற்றார். 1930-ல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்று சொல்லி அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் துறையிலும் முன்பே இடம் கிடைக்கவில்லை. 33 வயது, கையில் வருமானம் இல்லை.

மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் போய்க் குடியிருந்தார். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மறைவிடம் அமைத்து நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி வரை கட்டும். பெண் குருவி வந்து ஆராய்ந்து பார்த்து, பிடித்தால் மட்டுமே குடியேறும். உடனே ஆண் மீதிக் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டை ஆரம்பித்து இன்னொரு துணையைத் தேடும். நம் ஊர்ப் பனைமரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய கூட்டின் ரகசியம், வேலை போன ஒரு மனிதரால் வெளிவந்தது!

பிறகு ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளைக் கணக்கெடுத்தார். சம்பளம் கேட்கவில்லை, செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்றார். கூடாரத்தில் தெஹ்மினாவும் உடன் இருந்தார். 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் வஃபாத்தானார். சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. சகோதரி வீட்டில் தங்கிக்கொண்டு, பறவைகளின் பின்னாலேயே நடந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பறவையை அடையாளம் காண்பதென்றால் சுட்டு, தோலுரித்து, அளந்து பார்ப்பதுதான். அவரும் அப்படி நிறையச் சுட்டவர்தான். அவரோடு பயணம் செய்த செல்வந்தர் லோக் வான் தோ கையில் துப்பாக்கிக்குப் பதில் காமிரா இருந்தது. சிங்கப்பூரின் கேத்தே திரையரங்குகளின் உரிமையாளரான அவர், சிறந்த பறவைப் படக்காரரும்கூட.

1941-ல் 'இந்தியப் பறவைகள்' நூல் வந்தது. சிட்டுக்குருவியை விடப் பெரிது, மைனா அளவு, காகம் அளவு என்று வீட்டு வாசலில் பார்க்கும் பறவைகளையே அளவுகோலாக வைத்து எழுதினார். துப்பாக்கியே இல்லாமல், பள்ளிப் பிள்ளை கூடப் பறவையை அறிய முடிந்தது.

நம் மாநிலத்துக்கு அவர் செய்த பெரிய உதவி கோடியக்கரை. பறவைகள் நோய்க்கிருமிகளைத் தேசம் விட்டுத் தேசம் கொண்டு வருகின்றனவா என்று அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளைப் பிடித்துக் காலில் உலோக வளையம் மாட்டும் பணி தொடங்கியது. காயமின்றி உயிரோடு பிடிப்பது யார்? பிஹாரின் மீர்ஷிகார் என்னும் முஸ்லிம் பறவைபிடிப்போர் அழைத்து வரப்பட்டனர். சந்தையில் விற்பதற்காகப் பரம்பரையாகக் கற்ற வித்தை, பறவையை எண்ணிட்டுப் பறக்கவிடும் வேலைக்குப் பயன்பட்டது. பல்லாயிரம் மைல் கடந்து வரும் உள்ளான்களுக்கும் பூநாரைகளுக்கும் கோடியக்கரை எவ்வளவு முக்கியம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1967-ல் அது சரணாலயமானது.

டில்லன் ரிப்ளேயுடன் எழுதிய பத்துத் தொகுதிப் பறவைக் கையேடு 1974-ல் முடிந்தபோது அவருக்கு வயது 77. 1976-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அதே ஆண்டு வந்த 50,000 டாலர் பரிசை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். 1987-ல் 90 வயதில் மும்பையில் காலமானார். கோவை ஆனைகட்டியில் மத்திய அரசின் பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேனி மாவட்ட மேகமலையில் கிடைத்த ஓர் அரிய பழந்தின்னி வௌவாலுக்கும் அவர் பெயர்தான்.

வளையம் மாட்டும் பணி இன்றும் நடக்கிறது. ஏரியிலோ கோவளம் கடற்கரையிலோ நீங்கள் எடுத்த படத்தைப் பெரிதாக்கும்போது பறவையின் காலில் வளையம் தெரிந்தால், எண்ணையும் நிறத்தையும், பார்த்த இடத்தையும் நாளையும் குறித்து மும்பையிலுள்ள அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள்.