பிட்டி தியாகராயரும் மாநகராட்சிப் பள்ளி உணவும்

பிட்டி தியாகராயர் (1852–1925) நீதிக்கட்சியின் நிறுவனருள் ஒருவராகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளார். 1882 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் அவர் ஆற்றிய பணி அத்துணைக் கவனம் பெறவில்லை. 1920இல் மாகாண முதலமைச்சர் பதவி நாடி வந்தபோதும் அதனை ஏலாது, மாநகராட்சித் தலைமையையே அவர் விரும்பினார்.

அவ்வாண்டில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்க மன்றம் இசைந்தது. செலவு மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகலாகாது என்பது வரம்பு. வறுமையால் மாணவர் வருகை குன்றியிருந்ததே இதற்குக் காட்டப்பட்ட காரணம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. 1922–23இல் 811ஆக இருந்த இப்பள்ளிகளின் மாணவர் தொகை, 1924–25இல் 1,671 ஆயிற்று.

ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசைவு மறுத்தது. உண்ண வழியின்றிப் பள்ளிக்கே வாராத சிறுவனுக்கு அந்நிதியால் விளையும் பயன் யாது என்னும் வினா, கணக்குத் தலைப்புகளுள் அடங்கவில்லை போலும். மாகாணத்தில் அப்போது அமைச்சரவை நடத்தியது தியாகராயரின் கட்சியே என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. 1925 ஏப்ரல் முதல் நாள் உணவு நின்றது. அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். பின்னர் ஏழை மாணவர் ஆயிரவர்க்கு உணவளிக்க மீண்டும் ஏற்பாடு செய்யப்பட்டது.