கதை கேட்ட கலைஞர் டி. எஸ். பாலையா

1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் திரைப்படத்தை நம் வீடுகளில் பார்க்காதவர் அரியர். அதிலே மகன் தன் தந்தைக்குப் பேய்க்கதை ஒன்று சொல்லி நடுங்க வைக்கும் காட்சியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நாகேஷின் பெயரையே சொல்லுவர். சொல்லட்டும். அவர் அதற்குத் தகுதியுடையவரே. ஆயினும் எதிரே அமர்ந்து அந்தக் கதையைக் கேட்டாரே, அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

டி. எஸ். பாலையா 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்தார். இளமையிலேயே நாடக மேடை அவரை இழுத்துக்கொண்டது. ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வசனம் பேச வேண்டும். மற்றவர் பேசும்போது தூணைப் போல நிற்கவும் கூடாது. நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த நடிகர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே கற்றார்கள். முதலாவதைப் பலர் நன்றாகக் கற்றனர். இரண்டாவதில் பாலையாவுக்கு இணை சொல்ல நமக்கு ஒருவரும் அகப்படவில்லை.

1936இல் ‘சதி லீலாவதி’ வந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. தமிழே அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம். ஜி. ஆர்., என். எஸ். கிருஷ்ணன், பாலையா ஆகிய மூவருக்கும் திரையுலக வாழ்வு அந்த ஒரே படத்தில் தொடங்கியது. எம். ஜி. ஆருக்குக் கிடைத்தது சிறிய போலீஸ் வேடம். பாலையாவுக்கோ, நண்பனைக் குடிப்பழக்கத்தில் தள்ளிக் குடும்பத்தையே கெடுக்கும் வில்லன் வேடம். அன்று பிடித்த வில்லன் வேடம் பல ஆண்டுகள் அவரை விடவில்லை. ‘மதுரை வீரன்’ (1956) நரசப்பனைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: கண்ணை ஒரு பக்கம் சாய்த்து அவர் புன்னகை செய்தாலே, ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று அரங்கில் உள்ளவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இடையிடையே ‘வேலைக்காரி’யில் (1949) கதாநாயகனுக்கு வழிகாட்டும் நண்பன், ‘தூக்குத் தூக்கி’யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் சேட்டு என்று வேறு வேடங்களும் ஏற்றார்.

இப்படி முப்பது ஆண்டுகளாக மற்றவரைப் பயமுறுத்தி வந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்துப் பயமுறுத்தலாம் என்று இரண்டு பேருக்குத் தோன்றியது. இயக்குநர் ஸ்ரீதரும் எழுத்தாளர் சித்ராலயா கோபுவும் செங்கற்பட்டில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். செங்கற்பட்டிலிருந்து கோடம்பாக்கம் செல்லும் ரயில் நம் இரும்புலியூரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறோம்.

ஸ்ரீதர் அதற்கு முந்திய ஆண்டுதான் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ எடுத்திருந்தார். பாழடைந்த மாளிகை, முற்பிறவி நினைவு, நெஞ்சை உறைய வைக்கும் கிழ ஜமீன்தாராக நம்பியார்! உண்மையிலேயே அச்சமூட்டும் படம் அது. அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர் வின்சென்ட், அதே இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன் - ராமமூர்த்தி. மறு ஆண்டே தங்கள் கைவேலையைத் தாங்களே செல்லமாகக் கேலி செய்துகொண்டார்கள். பேயுமில்லை, பாழும் மாளிகையுமில்லை. நல்ல வெளிச்சத்தில், வண்ணப்படத்தில், ஒரு பணக்கார வீட்டுக்குள். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனி வைத்திருக்கும் மகன் செல்லப்பா, பணம் கறக்க எண்ணித் தந்தை விஸ்வநாதனிடம் தன் படக்கதையைச் சொல்கிறான். இருளும், கதவு திறக்கும் கிரீச்சொலியும், நெருங்கி வரும் உருவமும் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. ஆனால் அவற்றைக் காண்பவர் பாலையா! காசுக்குக் கணக்குப் பார்க்கும் பெரிய மனிதர் முதலில் அலட்சியமாக உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஆர்வம், பிறகு கலக்கம், பிறகு பாட்டியிடம் கதை கேட்கும் குழந்தையைப் போல ஒடுங்கிப் போகிறார். பேசுவது மிகக் குறைவு. கதையின் பேயை நாம் பார்ப்பது அவருடைய முகத்தில்தான். ஐயமிருந்தால், வீட்டில் அக்காட்சி வரும்போது தொலைக்காட்சியின் ஒலியை அடைத்துவிட்டு அவரை மட்டும் பாருங்கள்.

மேல்நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. மேரி ஷெல்லியின் நாவலைத் தழுவி 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை அன்போடு கேலி செய்து, 1974இல் மெல் புரூக்ஸ் ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்தார். பழைய படம் போலவே இருக்கவேண்டும் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்ததோடு, முதற்படத்தின் ஆய்வுக்கூடக் கருவிகளையே தேடிப்பிடித்துப் பயன்படுத்தினார். அவருக்குக் கருவிகள் வேண்டியிருந்தன. பத்தாண்டுகளுக்கு முன்பே நம்மவர்களுக்கு ஒரு வாயும் இரண்டு காதுகளும் போதுமாயிருந்தன!

1966இல் ஸ்ரீதரே இப்படத்தை ‘ப்யார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தபோது மெஹ்மூத் கதை சொன்னார். ஓம் பிரகாஷ் கேட்டார். அதுவும் வடக்கே பெரும்புகழ் பெற்ற காட்சிதான். எனினும் நம் ஓட்டு பாலையாவுக்கே.

மறு ஆண்டு, 1965இல், ‘திருவிளையாடல்’ படத்தில் அவர் ஹேமநாத பாகவதர். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்துப் பாண்டியன் அவையில் அவர் காட்டும் செருக்கைப் பலரும் பாராட்டுவர். நமக்குப் பிடித்தது அதற்குப் பின் வரும் இரவு. விறகு விற்பவன் திண்ணையில் பாடுகிறான். பாகவதர் கேட்கிறார். கேட்கக் கேட்க அவருடைய செருக்கு உதிர்ந்து, அச்சம் ஏறி, விடியுமுன் ஊரை விட்டே ஓடுகிறார். இங்கும் அவருக்கு வேலை கேட்பதுதான். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) முத்துராக்குவும் அப்படியே. நாதசுரக்காரர் வாசிக்கையில் தவில்காரர் காது ஒரு கணம் பிசகினாலும் கச்சேரி கெட்டுவிடும் அல்லவா? சிவாஜியின் வாசிப்புக்கு அவர் தலையாட்டும் அழகு, பாதிக் கச்சேரிக்குச் சமம்.

1972 ஜூலை 22ஆம் நாள் பாலையா மறைந்தார். வயது 57. அவருடைய மகனும் ஜூனியர் பாலையா என்ற பெயரில் பல படங்களில் நடித்தார். 2012இல் வந்த ‘சாட்டை’ படத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக வருபவர் அவரே. அவர் 2023இல் காலமானார்.