ஆல்பிரட் தாயர் மாகன்

ஆல்பிரட் தாயர் மாகன் (செப்டம்பர் 27, 1840 – டிசம்பர் 1, 1914) ஐக்கிய அமெரிக்கக் கடற்படை அதிகாரியும், ஆசிரியரும், வரலாற்றாளரும் ஆவார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றிய இவர், கப்பல் தலைவராகப் பெரும்பெயர் எதனையும் ஈட்டவில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தபின் ஏற்ற ஆசிரியப் பணியே இவரை உலகறியச் செய்தது. வகுப்பறைக்காக இவர் எழுதிய விரிவுரைகள் 1890 இல் நூலாக வெளிவந்து, பல நாடுகளின் கடற்படைக் கொள்கைகளில் தாக்கத்தை ஏற்படுத்தின.

இளமை

மாகன் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வெஸ்ட் பாயின்ட்டில் பிறந்தார். தந்தை டெனிஸ் ஹார்ட் மாகன் அங்குள்ள இராணுவக் கழகத்தில் பொறியியலும் போர்க்கலையும் கற்பித்த பேராசிரியர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்ற படைத்தலைவர்கள் பலர் அவருடைய மாணவர்கள். கழகத்தின் புகழ்பெற்ற தலைவரான சில்வேனஸ் தாயரின் நினைவாகவே மகனுக்குத் தாயர் என்ற நடுப்பெயர் இடப்பட்டது.

கொலம்பியா கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்ற மாகன், 1856 இல் அன்னாபொலிசில் உள்ள கடற்படைக் கழகத்தில் சேர்ந்து, 1859 இல் வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். மகனின் இயல்புக்குப் படைத்துறையை விடக் குடிசார் தொழிலே பொருந்தும் என்பது தந்தையின் கருத்து. அவர் கூறியது சரியே என்று மாகன் தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

கடற்பணி

உள்நாட்டுப் போரின்போது (1861–1865) தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்ட கப்பல்களிலேயே மாகன் பெரும்பாலும் பணியாற்றினார். இது நீண்ட காத்திருப்பும் சலிப்பும் நிறைந்த பணியாகும். இடையில் சிறிது காலம், போர் காரணமாக நியூபோர்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்த கடற்படைக் கழகத்தில் கற்பித்தார். பின்னர் இரோக்குவா என்னும் கப்பலில் ஆசியாவுக்குச் சென்று, 1868 இல் ஜப்பானியத் துறைமுகங்கள் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டதை நேரில் கண்டார்.

இவர் நூல்களை விரும்பிய அளவுக்குக் கடல் வாழ்வை விரும்பவில்லை. இவருடைய தலைமையில் இருந்த கப்பல்கள் பிற கலங்களுடன் மோதிய நிகழ்வுகளும் உண்டு. நீராவிக் கப்பல்கள் பெருகிவந்த காலத்திலும் இவருடைய மனம் பழைய பாய்க்கப்பல்களையே நாடியது.

1884 இல், வாச்சுசெட் என்னும் பழைய கப்பலின் தலைவராக மாகன் பெரு நாட்டுக் கடலோரத்தில் இருந்தார். அப்போது, நியூபோர்ட்டில் தொடங்கப்படும் கடற்படைப் போர்க் கல்லூரியில் கற்பிக்க வருமாறு ஸ்டீபன் லூஸ் என்ற மூத்த அதிகாரி அவருக்கு எழுதினார். மாகன் உடனே இசைந்து, பாடத்துக்கான தேடலைத் தொடங்கினார். லிமா நகரில் இருந்த ஆங்கிலேயர் மன்றத்தின் நூலகத்தில் மொம்சென் எழுதிய உரோம வரலாற்றைப் படிக்கையில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கார்த்தேஜின் தளபதி அனிபால் கடல்வழியே இத்தாலியை அடைந்திருந்தால் போரின் முடிவு என்னவாகியிருக்கும்? கடல் உரோமர் வசம் இருந்தமையால் அவர் ஆல்ப்சு மலைகளைக் கடக்க நேர்ந்தது. அப்பயணத்திலேயே படையில் பெரும்பகுதியை இழந்தார். கடலை ஆளுவோர் வரலாற்றின் போக்கையும் மாற்றுகின்றனர் என்ற கருத்து இங்கிருந்தே வளர்ந்தது.

போர்க் கல்லூரியில்

1886 இல் லூஸ் கடலுக்குத் திரும்பவே, மாகன் கல்லூரியின் தலைவரானார். கல்லூரிக்குக் கிடைத்திருந்த கட்டடம் முன்பு ஏழைகளுக்கான விடுதியாக இருந்தது. பணமும் போதவில்லை; மாணவர்களும் சிலரே. பழைய கடற்போர்களை விளக்குவதற்காக, மாகன் அட்டையில் கப்பல்களை வெட்டி, நாட்டுக்கொரு நிறம் தீட்டி, தாள்மீது நகர்த்திப் பார்ப்பார்.

படித்துத் தேர்ந்து பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு மீண்டும் எதற்கு வகுப்பு என்று கேட்டவர்கள் கடற்படைத் துறையில் பலர் இருந்தனர். 1889 இல் கல்லூரி கோட் தீவில் இருந்த டார்ப்பிடோ நிலையத்துடன் இணைக்கப்பட்டது. அது அன்றே அழிந்துபோகாமல் நின்றதற்கு மாகனின் எழுத்தும் ஒரு காரணம். 1893 இல் கல்லூரியை மூடும் எண்ணத்துடன் நியூபோர்ட்டுக்குப் புறப்பட்ட கடற்படைச் செயலர் இலரி எர்பர்ட், வழியில் மாகனின் இரண்டாம் நூலைப் படித்து மனம் மாறினார்.

நூலும் அதன் விளைவும்

விரிவுரைகளை நூலாக்க மாகன் அணுகிய பதிப்பாளர்கள் சிலர் மறுத்தனர். இறுதியில் பாஸ்டன் நகரின் லிட்டில் பிரவுன் நிறுவனம் 1890 இல் அதனை வெளியிட்டது. 1660 முதல் 1783 வரையான காலத்தில் கடல் வலிமை வரலாற்றை எவ்வாறு பாதித்தது என்பதே நூலின் பொருள். நாட்டின் அமைவிடம், நில அமைப்பு, பரப்பு, மக்கள்தொகை, மக்களின் இயல்பு, அரசின் இயல்பு ஆகிய ஆறும் கடல் வலிமையைத் தீர்மானிக்கின்றன என்று அவர் காட்டினார். வணிகமும், அதனைச் சுமக்கும் கப்பல்களும், காக்கும் போர்க்கப்பல்களும், இடையில் தங்கும் துறைமுகங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது அவர் வாதம்.

சொந்தத் துறையோ இதனை மதிக்கவில்லை. கடற்படை அதிகாரியின் வேலை நூல் எழுதுவதன்று என்று கருதிய மேலதிகாரி, 1893 இல் மாகனை சிக்காகோ என்ற போர்க்கப்பலின் தலைவராக்கிக் கடலுக்கு அனுப்பினார். ஆனால் அக்கப்பல் ஐரோப்பாவை அடைந்தபோது கிடைத்த வரவேற்பு வேறுவகையானது. 1894 இல் ஆக்சுபோர்டும் கேம்பிரிட்ஜும் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டங்களை வழங்கின. செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் நூலை ஆர்வத்துடன் படித்துத் தம் போர்க்கப்பல்களுக்கும் கொடுத்தார். ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளும் மொழிபெயர்ப்பில் அதனைப் பயின்றனர். அமெரிக்க அதிகாரிகளைத் தட்டியெழுப்ப எழுதிய பாடம், பிறநாடுகள் போர்க்கப்பல்களைக் குவிப்பதற்கும் துணைபோயிற்று.

மாகன் குறையற்ற சிந்தனையாளர் அல்லர். ஹவாய் தீவுகளை அமெரிக்காவுடன் இணைக்க வேண்டும் என்று வாதிட்ட இவருடைய எழுத்துகளில் அக்காலப் பேரரசு மனப்பான்மையும் இன மேட்டிமையும் தெளிவாகவே காணப்படுகின்றன. 1899 இல் ஹேக் அமைதி மாநாட்டில் நச்சுவாயுக் குண்டுகளைத் தடைசெய்வதை எதிர்த்தவரும் இவரே. நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களுக்கு எவ்வளவு பெரிய இடராகும் என்பதையும் இவர் முன்கூட்டி அறியவில்லை.

இறுதிக் காலம்

1896 இல் ஓய்வு பெற்ற மாகன் தொடர்ந்து எழுதினார். நெல்சனின் வாழ்க்கை வரலாறு 1897 இலும், தன்வரலாறு 1907 இலும் வெளிவந்தன. 1902 இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்தார். மத்திய கிழக்கு என்ற சொல் பரவுவதற்கு அதே ஆண்டில் இவர் எழுதிய கட்டுரை காரணமாயிற்று. 1906 இல் ஓய்வுபெற்றோர் பட்டியலில் ரியர் அட்மிரலாக உயர்த்தப்பட்டார்.

1914 ஆகத்து மாதம் முதலாம் உலகப் போர் மூண்டது. அமெரிக்கா நடுநிலை வகித்ததால், பணியில் உள்ளோரும் ஓய்வுபெற்றோருமாகிய படை அதிகாரிகள் எவரும் போரைப் பற்றிப் பொதுவில் கருத்துரைக்கக் கூடாது என்று குடியரசுத் தலைவர் வில்சன் ஆணையிட்டார். கடற்போரைப் பற்றிப் பேச அன்று அமெரிக்காவில் மாகனை விடத் தகுதியுடையோர் அரிது. அவர் விலக்குக் கேட்டும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று வாசிங்டனில் உள்ள கடற்படை மருத்துவமனையில் காலமானார்.

இந்தியாவில்

கே. எம். பணிக்கர் 1945 இல் இந்தியப் பெருங்கடல் பற்றி எழுதிய நூலுக்குப் பின்னர், இந்தியாவில் கடற்பாதுகாப்பை ஆராய்வோர் மாகனின் பெயரை அடிக்கடி குறிப்பிடுகின்றனர். இந்தியப் பெருங்கடலை ஆள்பவரே ஆசியாவை ஆள்வர் என்ற பொருளுடைய கூற்று ஒன்று அவருடையதாகப் பல நூல்களில் காணப்படுகிறது. அக்கூற்று மாகனின் எழுத்துகள் எதிலும் இல்லை என்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.