தியடோர் ஸ்வெட்பெர்க்

கீழ்வேளூரில் காவிரிப் புதுவெள்ளத்தைக் குடத்தில் நிறுத்தி வைப்பின் வண்டல் தானே அடியில் தங்கும். நீரிற் கரைந்த புரதமோ எத்துணை நாள் வைப்பினும் படியாது. அதனைப் படியச் செய்தவர் ஸ்வெட்பெர்க் என்னும் இரசாயன நூல் வல்லார்.

1884-ம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்திற் பிறந்த இவர், உப்சாலா சர்வகலாசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியரானார். 1924-ல், புவியீர்ப்பினும் பல்லாயிர மடங்கு விசை தரும் சுழற்பொறியைத் தம் துணைவருடன் அமைத்தார். புரதம் பல அளவுத் துகள்களின் கலவையே என அந்நாளில் அறிஞர் பலர் கருதினர். இவர் எதிர்பார்த்ததும் அதுவே. ஆயின் இரத்தத்தின் செம்பொருளாகிய ஹீமோகுளோபின் ஒரே அளவினதாய்ப் படிந்தது. தம் எண்ணத்தை விடுத்துப் பொறி காட்டியதையே இவர் மெய்யெனக் கொண்டார். 1926-ல் நோபெல் பரிசு பெற்றார்; 1971-ல் மறைந்தார்.

இன்று மாணவர் புரதக் கரைசலை நுண்சவ்வு பொருத்திய சிறு குழலிலிட்டுச் சுழற்றுகின்றனர். நீர் சவ்வின் வழியே வடிய, புரதம் மேலே செறிந்து நிற்கின்றது. சுழற்சியைப் புரத ஆராய்ச்சிக்குத் துணையாக்கிய அப்பெரியாரை அப்போது நினைத்தல் தகும்.